தலைவர் விழுங்காத குளிசை

கமக்காரர் அமைப்பின் தலைவர் கதிரவேலு சேற்றில் கால் வைப்பதில்லை. இதை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். "தலைவர் எண்டவர் வரம்பிலை நிக்கோணும். வயலுக்கை இறங்கினால் முழு வயலும் கண்ணிலை படாது" என்பது அவருடைய கொள்கை. பண்டத்தரிப்புப் பக்கத்து வயல்வெளியில் அவருக்கு எட்டுப் பரப்புக் காணி உண்டு. மாரி முழுக்க அவர் வெள்ளைச் சேட்டும் கறுத்தக் குடையுமாக அதன் வரம்பில் நிற்பதை ஊர் பார்த்திருக்கிறது.

அவருடைய விலாச அட்டையில் 'முன்னாள் பதில் கோட்டக் கல்விப் பணிப்பாளர்' என்று இருக்கும். அதில் 'பதில்' என்ற சொல் மட்டும் எறும்பு அளவு. நிரந்தரப் பணிப்பாளர் கொப்புளிப்பான் வந்து லீவில் நின்ற பதினொரு நாளும் அந்தக் கதிரையில் கதிரவேலுதான் இருந்தார். ஆகவே தொற்றுநோய்களிடம் அவருக்கு ஒரு நன்றிக்கடன் இருந்தது.

சென்ற மாரியில் வெள்ளம் வற்றியதும், எலிக்காய்ச்சல் பரவுகிறது என்று சுகாதாரப் பகுதியினர் குளிசை கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, சனசமூக நிலையம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிரவீணனுக்குப் பேச ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. எலிச் சலம், அதாவது எலியின் சிறுநீர், கலந்த தண்ணீரில் நின்றால், காலில் உள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி ஏறும். வயலில் இறங்குகிற ஆட்கள் கிழமைக்கு ஒருக்கால் இரண்டு குளிசை, சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மருந்தின் பெயர் டொக்சிசைக்கிளின். அவ்வளவுதான்.

தலைமையுரை நாற்பது நிமிடம் எடுத்தது.

"எலி எண்டால் என்ன?" என்று தலைவர் தொடங்கினார். பிறகு போனைப் பார்த்து, பிளேக் நோய் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சனத்தை எப்படி வாரிக்கொண்டு போனது, அரசர்கள் எப்படி அரண்மனையை விட்டு ஓடினார்கள் என்றெல்லாம் விளக்கினார். பின்வரிசையில் இரண்டு பேர் நித்திரை.

"ஐயா, அது பிளேக்," என்றான் பிரவீணன் மெதுவாக. "அது எலியிலை இருக்கிற தெள்ளுப்பூச்சியாலை வாறது. இது வேறை."

"எலி ஒண்டுதானே தம்பி?"

"எலி ஒண்டுதான். வருத்தம் ரெண்டு."

"அதை முடிவுரையிலை சொல்லுறன், இரும்."

உரை முடிந்ததும் பட்டியல் வந்தது. மேலே 'சேற்றில் இறங்குவோர் விபரம்' என்று தட்டச்சு செய்திருந்தது. முதலாவது கையெழுத்து ஜெயரூபனுடையது. தலைவருடைய வயலுக்கு அடுத்த வயல் அவனுடையது. வயலில் வேலை இல்லாத நேரம் ஓட்டோ ஓட்டுவான். கையெழுத்து வைத்து, இரண்டு குளிசையையும் வாயில் போட்டு, அரைப் போத்தல் தண்ணீர் குடித்து, "இன்னும் ரெண்டு தாங்கோ தம்பி, இலவசம்தானே" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போனான்.

பிரவீணன் பட்டியலைத் தலைவரிடம் நீட்டினான். "ஐயா, நீங்களும்..."

தலைவர் தலைப்பைப் பார்த்தார். ஜெயரூபனின் பெயரைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த வெற்று வரியையும் பார்த்தார்.

"தம்பி, நான் வரம்பிலை நிக்கிறவன்."

"அப்ப சனத்துக்கு ஒரு உதாரணத்துக்கு, ஐயா. படம் எடுத்துப் போடலாம்."

படம் என்றதும் தலைவர் எழுந்து சேட்டை இழுத்துவிட்டார். இரண்டு குளிசையையும் விரல்களுக்கிடையில் பிடித்து, உதட்டருகே கொண்டுபோய், வாயைக் கொஞ்சம் திறந்து நின்றார். போன் மின்னியது. மின்னி முடிந்ததும் கை கீழே இறங்கியது. குளிசைகள் சேட்டுப் பைக்குள் போயின. பின்னேரமே நிலையத்தின் முகநூலில் படம் வந்தது: 'முதற் குளிசையை விழுங்கி ஆரம்பித்து வைத்தார் தலைவர்.' ரொறன்ரோவில் இருந்து மகள் ஆரணி இதயம் போட்டிருந்தாள்.

அடுத்த நாள் விடியற்காலை தலைவர் நடைக்குப் புறப்பட்டார். வெள்ளை நடைச் சப்பாத்து. ஆரணி அனுப்பியது.

வெள்ளத்தில் வரம்புகள் கரைந்து போயிருந்தன. எது வரம்பு, எது வயல் என்று கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்கள் ஒரு வயற்காரனின் வாழ்க்கையில் அடிக்கடி வருவதில்லை. தலைவர் கிணற்றடிப் பற்றையில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, அங்கே ஒளித்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். தனக்கும் ஜெயரூபனுக்கும் பொதுவான வரம்பில் தன் பக்கத்தைக் கொஞ்சம் சீவி, அந்தச் சேற்றை ஜெயரூபன் பக்கம் அப்பினார். இரண்டு விரற்கடைதான். பேராசை இல்லாத மனிதர். நாளுக்கு இரண்டு விரற்கடை வீதம் போனால், தை பிறக்க ஒரு முழத்துக்கு மேல் வரும்.

இடையில் அடுத்த ஞாயிறும் வந்தது. மறுபடியும் குளிசை, மறுபடியும் உதட்டருகே கை, மறுபடியும் படம், மறுபடியும் சேட்டுப் பை.

ஊரே சேறாகக் கிடந்த மாரியில், நடைக்குப் போன ஒருவரின் சப்பாத்து மட்டும் வெள்ளையாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது. தலைவரின் மனைவி பாலேஸ்வரி அதைக் கவனித்தார். சாறத்தின் கரையில் இருந்த சேற்றையும் கவனித்தார். தோய்க்க முன் சேட்டுப் பைகளைத் தடவிப் பார்ப்பது முப்பத்தைந்து வருடப் பழக்கம். அதில் கிடைத்ததை ஒரு கடதாசியில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உரை வரும்.

பதினோராவது நாள் நடையால் வந்த தலைவர் கட்டிலில் விழுந்தார். காய்ச்சல் கொதித்தது. கெண்டைக்கால் தொட விடாத நோ. மூன்றாம் நாள் கண் இரண்டும் செம்பரத்தம்பூ. பனடோலுக்குக் காய்ச்சல் இரண்டு மணித்தியாலம் மரியாதை கொடுத்து விலகி நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"இஞ்சாருங்கோ, சலம் போனதோ?" என்று பாலேஸ்வரி கேட்டார்.

"காலமை கொஞ்சம் போனது."

"நேற்றும் கொஞ்சம் எண்டுதான் சொன்னியள். வெளிக்கிடுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"பொறும். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்." தலைவர் போர்வைக்குள் போனைத் தடவினார். சற்று நேரத்தில் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாலேஸ், தொடை இடுக்கிலை நெறி கட்டியிருக்கு. இது சும்மா காய்ச்சல் இல்லை. பிளேக்."

"எங்கடை ஊரிலையோ?"

"ஏன், எங்கடை ஊருக்கு வரக் கூடாதோ? ஐரோப்பாவிலை ராசாக்களுக்கு வந்த வருத்தம்."

ராசாக்களுக்கு வந்தது தனக்கு வந்ததில் அவருக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எலிக்காய்ச்சல் என்றால்தான் சிக்கல். எலிக்காய்ச்சல் சேற்றில் இறங்கினவனுக்கு வருவது. இறங்கினவன் எந்தச் சேற்றில், எந்த நேரத்தில், எதற்காக இறங்கினான் என்று அடுத்த கேள்வி வரும். அது மட்டுமல்ல, குளிசை விழுங்கிய படத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் சலம் அறவே நின்றது. பாலேஸ்வரி அவரைக் கேட்காமலே படலையடிக்குப் போய்ப் போனில் ஓட்டோவைக் கூப்பிட்டார். அந்த ஒழுங்கையில் ஓட்டோ என்றால் ஜெயரூபன்தான்.

தலைவர் அவனைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன அண்ணை, முகமெல்லாம் மஞ்சளாய்க் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே ஜெயரூபன் அவரை ஒரு உரமூட்டை போலத் தூக்கி ஓட்டோவில் வைத்தான். பாலேஸ்வரி கைப்பையும் சுடுதண்ணிப் போத்தலுமாக ஏறினார்.

ஆஸ்பத்திரியில் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் கிறிஸ்ரினா. குருநகர்ப் பெண். கடல் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குடும்பத்துக் குரல். தலைவரின் கண்ணை இழுத்துப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார். தலைவர் வாட்டையே எழுப்பினார்.

"ஐயா, இந்த ரெண்டு மூண்டு கிழமைக்குள்ளை வயல், வெள்ளம், சேறு எதிலையும் இறங்கினனீங்களோ?"

கட்டிலின் கால்மாட்டில் ஜெயரூபன் சுடுதண்ணிப் போத்தலைப் பிடித்தபடி நின்றான். தலைவர் அவனைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார்.

"இல்லை, டொக்டர். நான் வரம்பிலை நிக்கிறவன்."

"எலிக்காய்ச்சல் குளிசை எடுத்தனீங்களோ?"

"முதல் ஆளாய். படமே இருக்கு."

டொக்டர் பேனையைக் காதில் செருகிக்கொண்டார். "சேறும் இல்லை, குளிசையும் போட்டாச்சு. இரத்தத்திலை டெங்கும் இல்லை."

"டொக்டர்," தலைவர் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். குரலில் மேடைத்தன்மை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "நீங்கள் இளம் ஆள். ஒரு விசயத்தை மறந்திடக் கூடாது. பிளேக். எனக்கு நெறி கட்டியிருக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் தன் கட்டிலைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டார்.

"பிளேக்," என்றார் டொக்டர், சிரிக்காமல். "இலங்கையிலை அது இல்லாமல் போய் எண்பது வருசத்துக்கு மேலை, ஐயா. வந்தாலும் பயமில்லை. ஜென்ராமைசின் ஊசி இருக்கு, சிப்ரோ இருக்கு, டொக்சிசைக்கிளின் இருக்கு. துவக்கத்திலேயே மருந்து குடுத்தால் ஆள் எழும்பி வீட்டை போவார். அந்தக் காலத்திலை ராசாவெண்டாலும் செத்தது மருந்து இல்லாததாலை. இப்ப ஆரும் செத்தால் அது அநேகமாய் நேரம் பிந்தினதாலை."

"டொக்சிசைக்கிளின்... எலிக்காய்ச்சலுக்குக் குடுக்கிற அதே குளிசையோ?"

"அதேதான்."

இதைக் கேட்டுத் தலைவருக்கு ஒரு நொடி ஆறுதல் வந்தது போலிருந்தது. எந்த வருத்தம் என்று எழுதினாலும் மருந்து ஒன்றுதானே. டொக்டர் அந்த நொடியை நீடிக்க விடவில்லை.

"ஆனால் நான் குருட்டாம்போக்கிலை குடுக்கேலாது, ஐயா. உங்கடை கிட்னி களைச்சுப்போச்சு. நீங்கள் சொல்லுறது சரியெண்டால் இது எலிக்காய்ச்சல் இல்லை. நான் வேறை பக்கம் தேடோணும். அதுக்கு ரெண்டு நாள் போகும். உங்கடை கிட்னிக்கு ரெண்டு நாள் இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது."

தலைவர் மறுபடி தலையணையில் சாய்ந்தார்.

பாலேஸ்வரி கைப்பையைத் திறந்தார். கடதாசிச் சுருளை எடுத்து, அவிழ்த்து, கட்டில் விரிப்பில் வைத்தார். நான்கு குளிசைகள். ஒன்றின் மீது சேட்டு நூல் ஒட்டியிருந்தது.

"இது படத்திலை விழுங்கினது," என்றார்.

தலைவர் வாயைத் திறந்தார். பாலேஸ்வரி கையைக் காட்டி மறித்தார்.

"மிச்சத்தை நீங்களே சொல்லுங்கோ." பாலேஸ்வரி அவருடைய கையைப் பிடித்தார். "நான் சாறம் தோய்ச்சனான். எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் நீங்கள் மறுத்து ஒரு உரை வைப்பியள். எனக்கு உங்கடை உரை வேண்டாம். நீங்கள் வேணும். சொல்லுங்கோ."

தலைவர் மனைவியைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் பார்க்காத முகம் அது. பிறகு ஜெயரூபனின் கையில் இருந்த சுடுதண்ணிப் போத்தலைப் பார்த்தபடி சொன்னார்.

"இறங்கினனான்."

"எத்தினை நாள்?"

"பதினொரு நாள்."

"பதினொரு நாள் என்ன செய்தனீங்கள் சேத்துக்கை?"

தலைவரின் மஞ்சள் முகம் சிவக்க முயன்றது. நிறம் சரியாக வரவில்லை.

"வரம்பு கட்டினவர், டொக்டர்," என்றான் ஜெயரூபன். "வெள்ளத்துக்குக் கரைஞ்சு போச்சு. எங்கடை ரெண்டு பேருக்கும் பொது வரம்பு. அண்ணை ஒரு ஆளாய் நிண்டு கட்டினவர்."

டொக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. தலைவரின் வலது காலைத் தூக்கி, பெருவிரல் இடுக்கில் இருந்த கீறலைக் காட்டினார். "இஞ்சை பாருங்கோ உங்கடை பிளேக்கை. நெறி கட்டினது இந்தப் புண்ணாலை. கிருமி போனதும் இதாலைதான்." திரும்பித் தாதியிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். சேலைன் போத்தல் தொங்கியது. கால் மணித்தியாலத்தில் முதல் ஊசி ஏறியது.

அன்று முழுக்கக் கட்டிலுக்குக் கீழே இருந்த அளவுப் போத்தல்தான் எல்லோருடைய கவனத்திலும் இருந்தது. மத்தியானம் ஐம்பது மில்லிலீற்றர், கறுத்தத் தேத்தண்ணி நிறம். பின்னேரம் எழுபது. பாலேஸ்வரி ஒவ்வொரு முறையும் தாதியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் காலை முந்நூறு. ஜெயரூபன் வெளியே ஓட்டோவில் இருந்தபடி ஊருக்குப் போன் போட்டான்: "முந்நூறு!" மூன்றாம் நாள் எண்ணூறு, நல்ல நிறம். கமக்காரர் அமைப்பின் வட்ஸ்அப் குழுவில் யாரோ கைதட்டும் படம் போட்டார்கள். தலைவருடைய எந்த உரைக்கும் அந்தக் குழுவில் கைதட்டு விழுந்ததில்லை.

"கிட்னி தப்பிட்டுது," என்றார் டொக்டர் கிறிஸ்ரினா. பாலேஸ்வரி ஒரு கதிரையைத் தேடி இருந்தார். அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான்கு நாளுக்குப் பிறகு முதல் முறையாகத் தனக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார்.

தேத்தண்ணியோடு வந்த ஜெயரூபன் கட்டில் விளிம்பில் இருந்தான். பாலேஸ்வரி முகம் கழுவப் போயிருந்தார். தலைவர் சேலைன் துளி விழுவதை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயரூபன்."

"ஓம் அண்ணை."

"நான் வரம்பு கட்டேல்லை."

"தெரியும் அண்ணை."

"...எப்ப தொடக்கம்?"

"முதல் நாள் தொடக்கம். வெள்ளைச் சப்பாத்து பத்தைக்குள்ளை இருந்தால் கொக்கு மாதிரி ஊருக்கே தெரியும்." ஜெயரூபன் தேத்தண்ணியை ஊதினான். "காலமை நீங்கள் என்ரை பக்கம் தள்ளுவியள். பின்னேரம் நான் போய்த் திருப்பி உங்கடை பக்கம் தள்ளுவன். வரம்பு இருந்த இடத்திலைதான் இருக்கு."

தலைவர் தலையணையில் இருந்து தலையைத் தூக்கினார். "பதினொரு நாளுமோ?"

"பதினொரு நாளும். ரெண்டு பேரும் மாறி மாறி மிதிச்சதிலை நல்லாய் இறுகிப் போச்சு. போன மழைக்கு வெளி முழுக்க எல்லாற்றை வரம்பும் உடைச்சுக்கொண்டு போச்சு, எங்கடை ஒண்டுதான் நிண்டது. கமநலத் திணைக்கள ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்."

"நீயும் அதே சேத்துக்கைதானே நிண்டனீ. உனக்கு ஏன் ஒண்டும் வரேல்லை?"

"நான் குளிசையை விழுங்கினனான், அண்ணை."

தலைவர் போர்வையை இழுத்துவிட்டார். "நீ என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். முறைப்பாடு குடுத்திருக்கலாம்."

"யோசிச்சனான். வரம்புப் பிணக்கெண்டால் கமக்காரர் அமைப்பின்ரை தலைவரிட்டைத்தான் எழுத்திலை குடுக்கோணுமாம்." ஜெயரூபன் கோப்பையை வைத்தான். "தலைவருக்கு நேரம் இருக்காது எண்டு விட்டிட்டன்."

தலைவருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. வயிறு நோக நோகச் சிரித்தார். ஊசி குத்திய கை ஆடியதால் தாதி வந்து ஏசிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு விடுகிற நாளில் குளிசைப் பை ஒன்றையும் கொடுத்தார்கள். டொக்சிசைக்கிளின், காலை ஒன்று, மாலை ஒன்று.

"ரெண்டு விழுங்க வெக்கப்பட்டவர், இப்ப இவ்வளவும் விழுங்கோணும்," என்றார் பாலேஸ்வரி.

தலைவர் அப்போது போனில் ஆரணியோடு கதைத்துக்கொண்டிருந்தார். உடம்பு தேறியதன் முதல் அறிகுறியாகக் குரலும் தேறியிருந்தது. "ஓம் பிள்ளை, பிளேக்குக்குக் குடுக்கிற அதே மருந்து. அதேதான். டொக்டரே சொன்னவ."

"சொன்னது உண்மைதான், ஐயா," என்றார் அவ்வழியால் போன டொக்டர். "கோழிக்குஞ்சுக்குச் சளி பிடிச்சாலும் அதைத்தான் குடுக்கிறவை."

அடுத்த ஞாயிறு சனசமூக நிலையத்தில் தலைவர் இளைத்துப்போய், சேட்டு தொளதொளக்க வந்து இருந்தார். தலைமையுரை இல்லை. நிலையத்தில் இப்படி ஒரு மௌனத்தைப் பலர் முதல் முறையாகக் கேட்டார்கள். பட்டியல் முன் கதிரையில் தொடங்கிக் கடைசியாகத்தான் அவரிடம் வந்தது. முப்பத்தெட்டாம் இலக்கம். மேலே எங்கேயாவது ஒரு வரி விட்டிருக்கிறார்களா என்று பழக்கத்தில் பார்த்தார். இல்லை. தன் பெயரை எழுதினார். பதவி எழுத அதில் இடம் இருக்கவில்லை.

"ஐயாவுக்கு வீட்டிலை இந்தக் குளிசைதானே ஓடுது, இண்டைக்குத் தேவையில்லை," என்றான் பிரவீணன். "அடுத்த கிழமை தொடக்கம் தாறன்."

"இல்லைத் தம்பி, காலமையான் குளிசை இன்னும் போடேல்லை. அதை இஞ்சை வைச்சுப் போடட்டாம்." தலைவர் பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டினார்.

பாலேஸ்வரி கைப்பையிலிருந்து குளிசையை எடுத்து நீட்டினார். பிரவீணன் போனைத் தூக்கினான். தலைவரின் கை தன்னையறியாமல் உதட்டருகே போய் நின்றது. முகம் கமராப் பக்கம் திரும்பியது.

"படம் பிறகு," என்றார் பாலேஸ்வரி. "முதல் விழுங்குங்கோ."

விழுங்கினார். ஜெயரூபன் நீட்டிய போத்தலில் பாதியைக் குடித்தார்.

"ஆ எண்டுங்கோ."

முப்பத்தேழு கமக்காரர்களுக்கு முன்னால், முன்னாள் பதில் கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஆ என்று வாயைத் திறந்தார். பாலேஸ்வரி குனிந்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியிலும் பார்த்து, "சரி" என்றார்.

பிரவீணன் அப்போதுதான் படத்தை எடுத்தான்.